ஆறாம் பட்டத்துச் சாமி

எஸ்தாக்கியை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கண்ணாமுனைச் சனங்கள் முதல் மாரி முழுவதும் தடுமாறினார்கள். ஆள் வெள்ளை அங்கி போட்டிருக்கிறார், லத்தீனில் செபம் சொல்கிறார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார், செத்தவர்களை மந்திரித்து அடக்கம் செய்கிறார். ஆனால் பூசை வைப்பதில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்பதில்லை. சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை எண்ணெய் பூசுவதுமில்லை. நன்மை என்கிற நற்கருணை அப்பத்தைக் கொடுக்கக்கூட வேறொரு சாமி வாவியைக் கடந்து தோணியில் வரவேண்டியிருந்தது. கடைசியில் கோயில் மூப்பர் சந்தியோகுதான் அதற்கு ஒரு வழி கண்டார்.

"குருப்பட்டம் ஏழாவது. இவரு ஆறோட நிக்கிறாரு. ஆறாம் பட்டத்துச் சாமி எண்டு சொல்லுங்களன்."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யாரும் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டாவது இருக்கலாம் என்று எஸ்தாக்கிக்குச் சில வேளைகளில் தோன்றும்.

அவர் பிறந்தது மட்டக்களப்பு வாவிக்கரையில்தான். தகப்பன் இறால் பிடிப்பவர். பங்குச் சாமி ஒருவர் பொடியனின் குரலைக் கேட்டுவிட்டுப் பாடசாலைக்கு எடுத்தார், பாடசாலையிலிருந்து கண்டி மலையில் இருந்த குருமடத்துக்கு அனுப்பினார். மட்டக்களப்பிலிருந்து அந்த வருடம் மூன்று பேர் ஒரே ரயிலில் போனார்கள். மாகோவில் வண்டி மாறும்போது மூன்றாமவன் இன்னாசித்தம்பியின் பெட்டி தவறிப்போய், அதைத் தேடி மூவரும் ஓடி, அன்றிலிருந்து ஒன்றாய்விட்டார்கள். இன்னாசித்தம்பி தெற்கே நெல் விளையும் வட்டைக்காணி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. மெலிந்தவன், எதைத் தின்றாலும் வயிறு கடுக்கும். மற்றவன் பல்தசார். அவன் மட்டக்களப்புப் பறங்கியன், கொல்லன் மகன். வீட்டில் போர்த்துக்கேயம் பேசுவான், தெருவில் தமிழ் பேசுவான், குருமடத்தில் எந்த மொழியும் பேசக்கூடாத நேரத்தில் எல்லா மொழியும் பேசுவான்.

குருமடத்தில் உலாவப் போவதற்கு ஒரு சட்டம் இருந்தது. தனியே போகக்கூடாது, இருவராகவும் போகக்கூடாது. மூவராகத்தான் போகவேண்டும். இருவர் தனித்துச் சிநேகமானால் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிடுவார்கள் என்பது பெரியவர்களின் எண்ணம். மட்டக்களப்பு மூவருக்கும் அந்தச் சட்டம் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. புதன்கிழமை பின்னேரங்களில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைத் தூற்றலில் நடப்பார்கள். குளிரில் பல்தசாரின் மூக்கு சிவந்துவிடும். "இந்தக் குளிருக்குத்தான் வெள்ளைக்காரச் சாமிமார் இஞ்ச மடத்தக் கட்டினவங்க. எங்களுக்குச் சவம் காக்கிற மாதிரி இருக்கு" என்பான். வீட்டிலிருந்து வந்த கருவாட்டுச் சம்பலைத் தாளில் மடித்து அங்கிப் பைக்குள் வைத்திருப்பான். பாணைப் பிய்த்து அதில் தொட்டுத் தின்றுகொண்டே அடுத்த நாள் வேதசாத்திரப் பாடத்தை ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்வார்கள். இன்னாசித்தம்பிக்குத்தான் எல்லாம் பாடம். எஸ்தாக்கி அவனைப் பார்த்துப் படித்தவர். பல்தசார் இருவரையும் பார்த்து எழுதியவன்.

ஐந்தாம் பட்டத்தில் ஓர் அடி முன்னே எடுத்து வைக்கவேண்டும். அந்த அடியோடு கலியாணம், பெண், பிள்ளை எல்லாம் முடிந்தது. ஆயுள் முழுக்கக் கட்டளைச் செபமும், நாளுக்கு நாள் வேறாகும் சங்கீதப் பாட்டுகளோடு, சொல்லவேண்டும். மூவரும் ஒரே வரிசையில் நின்று அந்த அடியை எடுத்து வைத்தார்கள். அதற்கு அடுத்த மார்கழியில், முப்பத்தெட்டாம் ஆண்டு, ஆறாம் பட்டமான தியாக்கோன் பட்டமும் கிடைத்தது. தோளுக்குக் குறுக்கே பட்டி போட்டுக்கொண்டு மூவரும் சாப்பாட்டறைக்குள் வந்தபோது இளைய மாணவர்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். இன்னும் எட்டு மாதத்தில் குருப்பட்டம். அந்த வருடம் மட்டக்களப்பில் சாமிமார் பலர் காய்ச்சலில் விழுந்திருந்தபடியால், நத்தார்ப் பெருநாளுக்கு உதவியாக மூவரையும் ஊருக்கு அனுப்பச் சொல்லி மேற்றிராணியார் ஆண்டவர் எழுதியிருந்தார். புதுத் தியாக்கோன்மார் ஊருக்குப் போவது வழக்கமில்லை. பல்தசார் சந்தோசத்தில் தன் பெட்டிக்குள் இன்னாசித்தம்பியின் சப்பாத்துகளை வைத்துப் பூட்டிவிட்டான்.

நத்தாரை முடித்துக்கொண்டு தெற்கேயுள்ள ஒரு பங்கிலிருந்து அவர்கள் திரும்பும்போதுதான் அது நடந்தது.

வாவியைக் கடக்க அங்கே ஒரு பாதை இருந்தது. பாதை என்றால் இரண்டு பெரிய வள்ளங்களைப் பலகையால் பொருத்திய மிதவை. வண்டி, மாடு, சனம் எல்லாம் அதில் ஏறி நிற்க, கரைக்குக் கரை கட்டிய வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். மாரி வெள்ளம் முகத்துவாரத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்த காலை அது. பாதைக்காரர் இருவரால் சமாளிக்க முடியவில்லை என்று கண்டு மூன்று தியாக்கோன்மாரும் அங்கிக் கையை மடித்துவிட்டு வடத்தைப் பிடித்தார்கள். பாதையில் காத்தான்குடி மீராசாஹிபின் மாட்டுவண்டி நின்றது. அவர் புடவை வியாபாரி. வண்டிக்குள் புடவைக் கட்டுகளுக்கு நடுவே அவருடைய தாய் ஆமினா உம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நடு வாவியில் ஒரு மரக்கட்டை வெள்ளத்தோடு வந்து வள்ளத்தில் மோதியது. மாடு மிரண்டு பின்வாங்க, வண்டி பின்னுக்கு உருள, பாதை ஒருபக்கம் சரிந்தது. வடம் எல்லோருடைய கையையும் விட்டு வழுக்கிப் போனது. எஸ்தாக்கி மட்டும் எட்டிப் பிடித்து, பாதை ஓரத்தில் நட்டிருந்த முளைக்கட்டையில் அதை ஒரு சுற்றுச் சுற்றினார். அதற்குள் வெள்ளம் பாதையை இழுக்க, வடம் விறைத்துக்கொண்டது. அவருடைய வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் வடத்துக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்தன.

பாதை நின்றது. வண்டியும் நின்றது. பல்தசாரும் பாதைக்காரரும் சேர்ந்து வடத்தை நெகிழ்த்தி அவர் கையை எடுக்கும்வரை அவர் சத்தம் போடவில்லை என்று பிறகு ஊரெல்லாம் சொன்னார்கள். அது உண்மையில்லை. அவர் தாயைக் கூப்பிட்டுக் கத்தினார். மீராசாஹிப் தலைப்பாகையை அவிழ்த்துக் கையைச் சுற்றிக் கட்டினார்.

மட்டக்களப்பு ஆசுப்பத்திரியில் சுட்டுவிரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். பெருவிரலில் ஒரு சின்னக் குற்றி மிஞ்சியது. மறுநாள் ஆமினா உம்மா மகனோடு பார்க்க வந்தார். கட்டிலின் பக்கத்தில் நின்று கட்டுப் போட்ட கையை நெடுநேரம் பார்த்தார்.

"வலது கையா மனே?" என்றார். "சோறு தின்னுற கையெலுவா?"

எஸ்தாக்கி தலையை ஆட்டினார். ஆமினா உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். சோற்றைப் பற்றிக் கேட்டது அவர் ஒருவர்தான். அந்தக் கையால் இனி எப்படிச் சோறு பிசைவது என்று எஸ்தாக்கி அதுவரை யோசித்திருக்கவில்லை. பூசையைப் பற்றியும் யோசித்திருக்கவில்லை.

அதைப் பற்றி முதலில் யோசித்தவன் இன்னாசித்தம்பி. திருச்சபைச் சட்டமெல்லாம் பாடமானவன் அல்லவா? அவன் ஆசுப்பத்திரி வாசலில் பல்தசாரிடம் சொல்ல, பல்தசார் அவன்மேல் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தான். ஆனால் குருமடத்துக்குத் திரும்பியதும் தலைவர் எஸ்தாக்கியை அறைக்குள் அழைத்து அதையேதான் சொன்னார். அவர் பெல்ஜியத்துக் கிழவர், நல்ல மனிதர். தன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒன்றாகச் சேர்த்து உயர்த்திக் காட்டினார்.

"பூசையில் கர்த்தரின் திருச்சரீரத்தைத் தொடுவது இந்த இரண்டு விரலும்தான், மகனே. இவை இல்லாதவனுக்குக் குருப்பட்டம் கொடுக்க இங்கே எவருக்கும் அதிகாரமில்லை. உரோமாபுரி விதிவிலக்குக் கொடுத்தால் கொடுக்கலாம். கேட்டு எழுதுவோம். பொறுத்திரு."

"கிடைக்காட்டி, சுவாமி?"

கிழவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். தியாக்கோன் பட்டம் அழியாதது. வாக்குக் கொடுத்தாயிற்று. இனிக் கலியாணம் இல்லை, கட்டளைச் செபம் உண்டு. வீட்டுக்குப் போகவும் வழியில்லை, பீடத்துக்கு ஏறவும் வழியில்லை. அவர் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏழு வருடம் வேதசாத்திரம் படித்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஆவணியில் பல்தசாரும் இன்னாசித்தம்பியும் குருக்களானார்கள். பாட்டுப் பூசைக்குத் தியாக்கோன் ஒருவர் வேண்டும். இருவருமே தங்கள் முதற்பூசைக்கு எஸ்தாக்கிதான் நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் சுவிசேசம் பாடினார். அந்தக் குரலைக் கேட்டு பல்தசாரின் தாய் முன்வரிசையில் விம்மி விம்மி அழுதாள். மகனுக்காக அழுதாளா, பாடியவனுக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பூசை முடிந்து சனமெல்லாம் புதுக்குருவின் கையை முத்தமிட வரிசையில் நின்றபோது எஸ்தாக்கி திருவுடுப்புகளைக் கழற்றி மடித்து, பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று விரலால் மடிப்பது மெல்லத்தான் முடிந்தது.

அதே மாதம் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கும் சத்தம் கேட்டது. உரோமாபுரிக்குப் போன மனு ஒருமுறை திரும்பி வந்தது. வைத்தியரின் அத்தாட்சி வேண்டுமாம். அதை எடுத்து அனுப்புவதற்குள் கடற்பாதைகள் குழம்பிவிட்டன. இத்தாலியும் யுத்தத்துக்குள் இறங்கியது. பிறகு மனு எங்கே கிடக்கிறது, கப்பலோடு தாழ்ந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆண்டவர் எஸ்தாக்கியைக் கண்ணாமுனைக்கு அனுப்பினார். "யுத்தம் முடியட்டும், பிள்ளை" என்றார்.

கண்ணாமுனை வாவிக்குள் நாக்கை நீட்டியதுபோல நீண்டு கிடந்த மண்முனை. உப்புத்தண்ணீரில் வேர்விடும் கண்ணா மரக் காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாற்பது குடிசை, ஓலை வேய்ந்த கோயில், அதற்குப் பின்னால் எஸ்தாக்கியின் அறை. பள்ளிக்கூடமும் அவரே. காலையில் பிள்ளைகளுக்கு அட்சரம், பகலில் காய்ச்சல்காரருக்குக் குயினா மருந்து, பின்னேரம் செபமாலை. ஞாயிற்றுக்கிழமை சாமி வராவிட்டால், வராத ஞாயிறுதான் அதிகம், பீடத்துக்குக் கீழே நின்று பிரசங்கம். காலை எழும்போதே களைத்துப்போய் எழுந்தார். அது வேலையின் களைப்பில்லை என்று அவருக்குத் தெரியும். வேலை என்றால் முடிக்கலாம். அவர் தொடங்கிய எதையும் முடிக்க இன்னொருவர் வரவேண்டியிருந்தது. பிள்ளைகளைப் புதுநன்மைக்கு ஆயத்தம் பண்ணுவார். கொடுப்பது வேறு கை. கோபக்காரப் புருசனையும் பெண்சாதியையும் பேசிச் சேர்த்து வைப்பார். பாவம் போக்க அவர்களைத் தோணியில் ஏற்றி அனுப்பவேண்டும்.

பல்தசார் சாமி அக்கரையில் ஏழெட்டு ஊருக்குப் பொறுப்பாக இருந்தார். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை வருவார். காய்ச்சல் அவரை உருக்கிக்கொண்டிருந்தது. முகம் மஞ்சள் பூத்திருந்தது. வந்ததும் அங்கியைக் கொடியில் போட்டுவிட்டு, உள் பெனியனோடு கோயில் படியில் உட்கார்ந்து எஸ்தாக்கியோடு மாலைச் செபத்தைச் சொல்வார். ஒரு பாட்டு அவர், ஒரு பாட்டு இவர்.

நாற்பத்திரண்டில் திருகோணமலையில் குண்டு விழுந்த பிறகு ஓடிவந்த சனங்களால் வாவிக்கரை நிறைந்தது; காய்ச்சலும் நிறைந்தது. அந்த வருடத்தின் கடைசியில் ஒரு மத்தியானம் அன்னப்பூரணி கோயில் முற்றத்தில் வந்து நின்றாள்.

அவள் வேதக்காரி இல்லை, சைவக்காரி. நண்டு பிடிக்கும் மனுவேலோடு இருபது வருடமாக முனையின் நுனியில் தனிக்குடிசையில் இருந்தவள். மனுவேலுக்குக் கல்முனைப் பக்கம் கோயிலில் கைப்பிடித்த பெண்சாதி ஒருத்தி இருந்தாள். அதனால் இருபது வருடமாக அவர் கோயில் வாசல் மிதிக்கவில்லை; வந்த சாமிமாரும் அவர் வாசல் மிதிக்கவில்லை.

"சாமி, அவரு உங்கள வரட்டாம். இனித் தாங்காது. கண்ணெல்லாம் ஒரு மாதிரிக் கிடக்கு."

எஸ்தாக்கி சந்தியோகு மூப்பரைத் தோணியில் பல்தசாரிடம் அனுப்பிவிட்டு அவளோடு நடந்தார். குடிசைக்குள் மனுவேல் பாயில் கிடந்தார். மூச்சு இழுத்தது. அவரைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"சாமி, எனக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"சாமிக்கு ஆள் போயிருக்கு, அப்பச்சி. பொழுதுபடுறதுக்குள்ள வந்திருவாரு."

"ஏன், நீங்க?"

"நான் கேட்டாலும் பாவம் போக்க ஏலாது. எனக்கு அந்தப் பட்டம் இல்ல."

மனுவேல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அங்கியை, சிலுவையை, கையை.

"அப்ப நீங்க எதுக்கு?"

கோபத்தில் கேட்கவில்லை. தோணியில் ஓட்டை எங்கே என்று கேட்பதுபோலக் கேட்டார். நாலு வருடமாக எஸ்தாக்கி தன்னைத்தானே கேட்ட கேள்வி அது. பாயின் ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"தெரியா, அப்பச்சி" என்றார். "சாமி வரமட்டும் இஞ்ச இருக்கிறன்."

வெளியே அன்னப்பூரணி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பிறகு மனுவேல் தானாகவே சொல்லத் தொடங்கினார். எஸ்தாக்கி தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. மனுவேல் கூரையைப் பார்த்துக்கொண்டு, முதல் பெண்சாதியை விட்டு வந்த நாளிலிருந்து, நின்று நின்று, எல்லாவற்றையும் சொன்னார். என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம். குருவின் காதில் விழுந்தால் அதற்கு முத்திரை உண்டு. எஸ்தாக்கிக்கு அந்தச் சட்டம் இல்லை; ஆனாலும் அவர் அதைச் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. முடிந்ததும், கடவுளை மனம் நோகச் செய்தோமே என்று உள்ளபடி துக்கப்பட்டால் குரு இல்லாத இடத்திலும் மன்னிப்பு உண்டு என்று எடுத்துச் சொல்லி, உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல் சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். மனுவேலுக்குச் சின்ன வயதில் பாடமான மந்திரம். பாதியில் எஸ்தாக்கியை முந்திக்கொண்டு சொன்னார்.

வெயில் சாயும்போது மூச்சு நின்றது.

அன்னப்பூரணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவருக்குப் போறதுக்கு இடம் இருக்கா, சாமி? இல்லாட்டி என்னால இல்லாமப் போச்சா?"

"இருக்கு" என்றார் எஸ்தாக்கி. அவள் நம்பாமல் பார்த்தாள். "இருக்கு, புள்ள. எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. அவள் கேட்கவில்லை. உள்ளே போய் மனுவேலின் காலைத் துடைக்கத் தொடங்கினாள்.

பல்தசார் வந்து சேர்ந்தபோது சந்தியோகு அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். பற்கள் அடித்துக்கொண்டன. நெற்றி சுட்டது. தோணிக்குள் படுத்தபடி வந்திருக்கிறார். உடல் இன்னும் சூடாக இருந்தபடியால், உயிர் முழுதாகப் பிரிந்ததோ என்னவோ என்ற சந்தேகத்தின் பேரில், சட்டம் விட்ட வழியில் அவஸ்தை பூசினார். எண்ணெய்ச் சிமிழைப் பிடித்த கையை எஸ்தாக்கி மணிக்கட்டில் தாங்கிக்கொண்டார்.

பிறகு இருவரும் கரையில் கவிழ்த்திருந்த தோணியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அன்னப்பூரணி கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பல்தசார் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னார்:

"நீ என்னப் பாத்துப் பொறாமைப்படுறாய் எண்டு எனக்குத் தெரியும், மச்சான்."

"ஓம்" என்றார் எஸ்தாக்கி.

"போன கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில இருந்தபடியே நித்திரையாப் போனன். ஒரு மனிசி பலகையில தட்டி எழுப்பி, 'சாமி, எந்தப் பாவத்தில விட்டன் எண்டு மறந்து போச்சு' எண்டா. எனக்கும் தெரியாது. எல்லாத்தையும் மன்னிச்சு விட்டன்."

எஸ்தாக்கி சிரித்தார். சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. பல்தசாரும் சிரித்து, சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஏலாமப் போச்சு, எஸ்தாக்கி. ஒரு ஊரில முடிய மற்ற ஊர். முகம் ஒண்டும் ஞாபகமில்ல. நீ அந்தாளோட மத்தியானத்தில இருந்து இருந்திருக்கிறாய். நான் ஒருத்தரோடயும் அப்பிடி இருந்ததில்ல."

அது ஆறுதலுக்குச் சொன்னதா, முறைப்பாடா என்று எஸ்தாக்கிக்குப் பிடிபடவில்லை. ஆறுதலாகவும் இருக்கவில்லை. ஒருவருக்கு இல்லாத ஒன்று மற்றவரிடம் கிடந்தது. இருவருமே தேய்ந்து போயிருந்தார்கள். அவ்வளவுதான். வெளிச்சம் இருக்கும்போதே செபத்தை முடித்துவிடலாம் என்று புத்தகத்தை எடுத்தார்.

அடுத்த வருடம் பல்தசாருக்குக் கறுத்த மூத்திரக் காய்ச்சல் வந்தது. ஆசுப்பத்திரிக்கு எஸ்தாக்கி போய்ச் சேர்ந்தபோது இன்னாசித்தம்பி ஏற்கெனவே அவஸ்தை பூசி முடித்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் கிடந்தவர் பாதியாகச் சுருங்கியிருந்தார். மூவரும் ஒரே அறையில் இருந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"செபத்தச் சொல்லுங்க" என்றார் பல்தசார். "மூண்டு பேருமா."

சொன்னார்கள். பல்தசார் தன் முறை வந்தபோது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. இன்னாசித்தம்பி பழக்கத்தில், "இண்டைக்கு அது இல்ல" என்று திருத்திவிட்டார். திருத்தியதும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"விடுங்கடா" என்றார் பல்தசார். "நான் ஞாயிற்றுக்கிழமைக்குப் போறன்."

சனிக்கிழமை பின்னேரம், கட்டளைச் செபத்தில் ஞாயிறு தொடங்கும் நேரத்தில், அவர் இறந்தார். அடக்கப் பூசைக்கு எஸ்தாக்கி தியாக்கோனாக நின்று சுவிசேசம் பாடினார். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம், நாற்பத்தாறில், பதில் வந்தது. தொலைந்த மனுவுக்குப் பதில் வரவில்லை; ஆண்டவர் மறுபடி எழுதிய மனுவுக்கு வந்தது. இரண்டு குருக்கள் முன்னிலையில், மிஞ்சிய விரல்களால் அப்பத்தைச் சிந்தாமல் உடைக்கவும் எடுக்கவும் முடியும் என்று காட்டினால் குருப்பட்டம் கொடுக்கலாம். ஆண்டவர் இதைச் சொன்னபோது எஸ்தாக்கி தலையைக் குனிந்து நன்றி சொன்னார். வெளியே வந்து மாமரத்தின் கீழ் நின்றார். சந்தோசம் வரும் என்று காத்திருந்தார். பள்ளிக்கூடக் கூரையை மழைக்கு முதல் வேயவேண்டும் என்ற நினைவுதான் வந்தது.

சோதிக்க வந்த குருக்களில் ஒருவர் இன்னாசித்தம்பி. மந்திரிக்காத அப்பங்களைக் கன்னியர் மடத்திலிருந்து ஒரு தட்டில் எடுத்து வைத்தார்கள். எஸ்தாக்கி பெருவிரல் குற்றியால் கீழே தாங்கி, நடுவிரலால் மேலே பிடித்து உடைத்தார். முதல் அப்பம் நொறுங்கித் துணி முழுதும் சிதறியது. இரண்டாவதும் அப்படியே. இன்னாசித்தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அவர் நெற்றியில் வியர்வை ஓடியது. மூன்றாவது நேராக இரண்டாக உடைந்தது. நான்காவதும். மற்றவர், வயதான சாமி, இன்னும் பத்து உடைக்கச் சொன்னார். பத்தும் உடைந்தன.

"போதும்" என்றார் கிழவர். இன்னாசித்தம்பி வெளியே போய்க் கிணற்றடியில் சத்தி எடுத்தார். அவருடைய வயிறு எப்போதும் அப்படித்தான்.

பட்டம் கொடுக்கும் நாளில், விரித்து நீட்டிய கைகளில் ஆண்டவர் எண்ணெய் பூசவேண்டும். பெருவிரலில் தொடங்கி மறுகைச் சுட்டுவிரலுக்குக் குறுக்காக இழுப்பது முறை. இடது கையில் எண்ணெய் ஓடியது. வலது கையில் ஆண்டவரின் விரல் ஒரு கணம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. பிறகு தழும்பின்மேல் பூசினார். எஸ்தாக்கிக்கு அந்த இடத்தில் உணர்ச்சி கிடையாது. எண்ணெய் வழிந்து உள்ளங்கைக்கு வந்த பிறகுதான் குளிர்ந்தது.

மறுநாள் கண்ணாமுனையில் முதற்பூசை. ஓலைக் கோயிலுக்குள் இடம் போதாமல் சனங்கள் கண்ணா மரங்களுக்குக் கீழே நின்றார்கள். மீராசாஹிப் தாயைத் தோணியில் கூட்டிவந்து கரையில் நின்று பார்த்துவிட்டுப் போனார். பூசை மெல்ல நடந்தது. எஸ்தாக்கி அந்தக் கையால் அப்பத்தை உயர்த்தியபோது சந்தியோகு மூப்பர் மணியை அடிக்க மறந்துவிட்டார்.

பூசை முடிந்து உடுப்பு மாற்றும் சின்ன அறைக்குள் எஸ்தாக்கி திருவுடுப்பைக் கழற்றப் போனபோது இன்னாசித்தம்பி கதவைச் சாத்தினார்.

"பட்டிய கழுத்திலயே போட்டிருங்க, சுவாமி" என்றார்.

அவர் 'சுவாமி' என்றது எஸ்தாக்கிக்குச் சட்டென்று விளங்கவில்லை. இன்னாசித்தம்பி மண்தரையில் முழந்தாளிட்டார். அவருடைய உச்சி மயிர் கொட்டியிருந்ததை எஸ்தாக்கி அப்போதுதான் கண்டார். தாழ்ந்த குரலில், பாடம் ஒப்புவிப்பதுபோல, அவர் தன் பாவங்களைச் சொன்னார். எஸ்தாக்கி கேட்டார். கேட்டு முடித்ததும் கையை உயர்த்தி, பாவம் போக்கும் லத்தீன் வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கினார். எத்தனையோ ஆயிரம் தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தவை. நடுவில் நின்றுவிட்டார், அடுத்த சொல் வரவில்லை.

இன்னாசித்தம்பி தலை நிமிராமல் அந்தச் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

எஸ்தாக்கி அதைப் பிடித்துக்கொண்டு முடித்தார். மூன்று விரலால் சிலுவை வரைந்தார். இன்னாசித்தம்பி எழும்பவில்லை, எஸ்தாக்கியும் எழுப்பவில்லை. பிறகு அவரும் கீழே உட்கார்ந்தார். வெளியே சனங்கள் மாலையோடு காத்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பசிக்குது" என்றார் இன்னாசித்தம்பி கடைசியாக.

நண்டுக் கறியும் சோறும் வந்திருந்தன. அன்னப்பூரணி சமைத்துக் கொடுத்தனுப்பியது. இன்னாசித்தம்பி வயிற்றை மறந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். எஸ்தாக்கி இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று விரலால் நிதானமாகச் சாப்பிட்டார். நாளைக்கு அக்கரை ஊர்களுக்கு அவர் போகவேண்டும். பல்தசார் போன பிறகு அந்த ஏழெட்டு ஊருக்கும் நிலையான சாமி இல்லை. ஆண்டவர் அவரையே போட்டிருந்தார். முதல் ஊருக்குத் துவிச்சக்கர வண்டியில் போகலாம், அடுத்ததற்குத் தோணி. அதற்குப் பிறகு வழி எப்படி என்று இன்னாசித்தம்பி சொல்லிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, சனங்கள் கையை முத்தமிட்டுப் போகலாமா என்று கேட்கச் சந்தியோகு மூப்பர் கதவைத் திறந்தார். ஒருவர் சுவரில் சாய்ந்தபடி, மற்றவர் வாங்குப் பலகையில் கால் நீட்டியபடி, இரண்டு சாமிமாரும் நல்ல நித்திரை. கழுவாத தட்டுகள் பக்கத்தில் கிடந்தன. மூப்பர் தட்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

"பின்னேரம் வாங்க" என்றார் சனங்களிடம்.

சிலர் வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் மாலைகளை வாடாமல் தண்ணீரில் போட்டுவிட்டு, மரநிழலில் உட்கார்ந்தார்கள்.